பின்னால் எடுத்தல்

தாளை நடுவே மடித்து
இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு என்று
ஞாயிறு காலை எழுதத் தொடங்கினோம்.
ஒரே கம்பனி, ஒரே பெயர்,
மூக்கில் அதே சின்னம்.
நடுவில் இருபத்தேழு வருஷம்.

டீசல்: லீற்றருக்கு ஏழு, பதின்மூன்று.
பதின்மூன்றை யோகசீலன் நம்பவில்லை.
விற்கிறவன் ஓட்டினால் எல்லாம் பதின்மூன்றுதானாம்.
உயரம்: பழசு நாலு விரல் கூட.
வெள்ளவத்தையில் ஒரு மழை பெய்தால் தெரியும்
நாலு விரல் எவ்வளவு என்று.
விலை என்ற வரிக்கு வந்ததும்
பேனையைக் கீழே வைத்துவிட்டு
நான் தேத்தண்ணி போடப் போனேன்.

யூனியன் பிளேஸ் காட்சியறையில்
லசித என்ற பெடியன்
கதவைத் திறந்து மூடிக் காட்டினான்.
மூடியதா என்று திரும்பவும் பார்த்தேன்.
எங்கள் ஜீப்பின் கதவு மூடினால்
மூன்றாம் மாடிச் சுபத்திராக்கா
"வந்திட்டீங்களோ" என்று எட்டிப் பார்ப்பா.

ஒரு விரல் போதும் என்று
யன்னல் கண்ணாடியை இறக்கினான்.
அது ஒரு கேள்வியும் கேட்காமல் இறங்கியது.
இவர் வெளியே பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
டோர்ச் வெளிச்சம் இல்லை.
அடையாள அட்டைக்கு நீட்டிய கை இல்லை.
தொட்டியில் ஒரு பனை,
பக்கத்தில் விலைப் பலகை.

இரண்டாயிரத்து ஏழு, கிருலப்பனைப் பாலத்தடி.
பழசின் கைபிடியைச் சுற்றச் சுற்றக்
கண்ணாடி அசையவில்லை.
இவர் கதவைத் திறந்தார்.
காவல் நின்றவன் பின்னால் பாய்ந்து
துவக்கைத் தூக்கினான்.
மூன்று பேருக்கும் பயம்,
அவனுக்குத்தான் கூட.
இருபது வயதும் இராது.
அதன்பிறகு இரண்டு வருஷம்
எந்த மழையிலும் அந்த யன்னல்
அரைவாசி திறந்தே ஓடியது.
கதவின் உட்துணி இன்னும் உப்பித்தான் இருக்கு.
இதைத் தாளில் எந்தப் பக்கம் எழுதுவது?

பஞ்சிகாவத்தையிலிருந்து
விலை மதிக்க வந்தார் நௌபர் நானா.
விரல் மொழியால் நாலு தட்டு.
"இந்தப் பக்கம் பட்டி போட்டிருக்கே."
பம்பலப்பிட்டிக் கார் பார்க்கின் தூண், என் வேலை என்றேன்.
எஞ்சினைக் கேட்டவர் கொஞ்சநேரம் கதைக்கவில்லை.
பிறகு இவரின் வயிற்றைப் பார்த்து,
"உங்களைவிட இது நல்லாயிருக்கு, சேர்."

கடைசியில் வாங்கியது
தம்புள்ளை வெங்காய வியாபாரி.
பின் சீட்டை மடக்கினால்
எத்தனை மூட்டை பிடிக்கும் என்று மட்டும் கேட்டார்.
மூட்டைக் கணக்கு எனக்குத் தெரியாது.
இரண்டு பேர் படுக்கலாம் என்றேன்.
டீசல் வரிசையில், மரீன் டிரைவில்,
கடல் இரைச்சலோடு
இரண்டு இரவு அளந்த கணக்கு அது.

புதுசு வந்தது.
முதல்நாள் காலை
ஹம்டன் ஒழுங்கையிலிருந்து பின்னால் எடுக்கவேண்டும்.
திரையில் சுவர், வாளி, பக்கத்து வீட்டுச் செருப்பு,
எல்லாம் கோடு போட்டுத் தெரிந்தன.
இத்தனை வருஷமும்
பின்னால் எடுக்கிறபோது
இவரின் இடக்கை என் சீட்டின் தோளுக்கு வரும்,
உடம்பு முழுக்கத் திரும்பும்,
கழுத்தோரம் சவர்க்கார மணம்.
சண்டை பிடித்த நாட்களிலும் வந்த கை.
கதைக்காமல் ஒன்பது நாள் இருந்தோமே,
அப்பவும் வந்தது.

அன்றைக்கு அந்தக் கை
பாதி எழும்பியது.
திரை பீப் என்றது.
கை போய் ஏசியைக் கூட்டியது.

தாளில் இதற்கு வரியே இருக்கவில்லை.

"பாருங்கோ, பின்னால பூனை" என்றேன்.
"கமராவில ஒன்றும் இல்லையே."
"ரயருக்குக் கீழே. கமராவுக்கு என்ன தெரியும்?"

இவர் திரும்பினார்.
கை வந்தது.
மெல்ல, மிக மெல்லப் பின்னால் போனோம்,
இல்லாத பூனையில் ஏறிவிடாமல்.